தென்கிழக்குச் சம்மேளனத்தின் ஆதிக்கம் முடிந்துவிட்டதா?

2026 புத்தாண்டு தினத்துக்கு மறுநாள் காலை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வசிக்கும் உறவினர் ஒருவரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வாழ்த்துக் கூறுவதற்காக அழைக்கிறான் என்றே முதலில் நினைத்தேன். ஆனால், அவனது குரலில் செத்தவீட்டுச் சோகம் இருந்தது. "பெரியப்பா, இந்தியானாவிட்ட தோத்துப்போனம். முப்பத்தெட்டுக்கு மூண்டு. எல்லாம் காசு செய்யிற வேலை" என்றான். அவன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழை வீட்டில் கற்றுக்கொண்டான். அமெரிக்கக் காற்பந்தைத் தெருவில் கற்றுக்கொண்டான்.

அவனது துயரத்துக்குக் காரணமான ஆட்டம் ஜனவரி முதலாம் திகதி கலிபோர்னியாவின் பசடேனா நகரில் நடைபெற்ற 'ரோஸ் போல்' கால் இறுதியாகும். அதில் இந்தியானா பல்கலைக்கழகம் அலபாமா பல்கலைக்கழகத்தை 38 - 3 என்ற கணக்கில் தோற்கடித்தது. அமெரிக்காவுக்கு வெளியே வாழும் வாசகர்கள் பலருக்கு இது ஒரு சாதாரண விளையாட்டுச் செய்தியாகவே தோன்றும். ஆனால், அந்த நாட்டின் தென்மாநிலங்களில் இதை ஒரு சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியாகவே பார்க்கிறார்கள். அந்தப் பார்வை சரியானதா என்பதையும், சரியானது என்றால் வீழ்ந்தது எது என்பதையும் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால், இது பந்தைப் பற்றிய கதை மாத்திரம் அல்ல. உழைப்பவனுக்கும் அவனது உழைப்பைக் கொண்டு பெருமை தேடிக்கொள்பவனுக்கும் இடையிலான உறவைப் பற்றிய கதையுமாகும்.

முதலில் ஒரு விளக்கம். இங்கு பேசப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, அணிக்குப் பதினொரு பேராக மோதும் ஆட்டம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறவேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த ஆட்டத்தைத் தொழிலாக நடத்தும் அமைப்பு என்.எப்.எல்.; அதற்கு வீரர்களை வழங்கும் களம் பல்கலைக்கழகங்கள். பல்கலைக்கழக அணிகள் பிராந்திய ரீதியில் சம்மேளனங்களாகப் பிரிந்து விளையாடுகின்றன. அவற்றில் இரண்டு மிகப் பெரியவை. ஒன்று, 1932ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தென்கிழக்குச் சம்மேளனம். எஸ்.ஈ.சி. என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். அலபாமா, ஜோர்ஜியா, புளோரிடா, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யு.), ஓபர்ன், டெனசி போன்றவை அதன் அங்கத்தவர்கள். மற்றையது, மிச்சிகன், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம், இந்தியானா போன்ற வடக்கின் பல்கலைக்கழகங்களை அடிப்படையாகக் கொண்ட 'பிக் டென்'. பெயரில் பத்து இருந்தாலும் 2024ஆம் ஆண்டிலிருந்து அதில் 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

ஆதிக்கத்தின் கணக்கு

எஸ்.ஈ.சி.யின் ஆதிக்கம் என்பது ரசிகர்களின் வெறும் வாய்ச்சவடால் அல்ல. 2006 பருவகாலத்திலிருந்து 2012 வரை தொடர்ச்சியாக ஏழு தேசிய சாம்பியன் பட்டங்களை அந்தச் சம்மேளனத்தின் அணிகளே வென்றன. 2006இலிருந்து 2022 வரையான பதினேழு பருவகாலங்களில் பதின்மூன்று பட்டங்கள் அவர்களுக்கே உரியவை. அந்தப் பதினேழில் எஸ்.ஈ.சி. அணி ஒன்று கூட இல்லாமல் நடந்த இறுதியாட்டம் ஒன்றே ஒன்றுதான். அது ஒஹாயோவும் ஒரிகனும் மோதிய 2014 பருவகாலத்துக்கு உரியது. 2011, 2017, 2021 ஆகிய மூன்று பருவகாலங்களில் இறுதியாட்டத்தில் மோதிய இரு அணிகளுமே எஸ்.ஈ.சி. அணிகள். 2022 பருவகாலத்தின் இறுதியாட்டத்தில் ஜோர்ஜியா டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தை 65 - 7 என்ற கணக்கில் நசுக்கியபோது, இந்த ஆதிக்கத்துக்கு முடிவே இல்லை என்று எண்ணியவர்கள் பலர்.

ஆனால், அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2023 பருவகாலத்தின் பட்டத்தை மிச்சிகன் வென்றது. 2024 பருவகாலத்தில் ஒஹாயோ வென்றது. 2026 ஜனவரி 19ஆம் திகதி நடைபெற்ற இறுதியாட்டத்தில் இந்தியானா மயாமியை 27 - 21 என்ற கணக்கில் வென்று 2025 பருவகாலத்தின் சாம்பியனானது. மூன்றுமே பிக் டென் அணிகள். அதைவிட முக்கியமானது என்னவென்றால், இந்த மூன்று இறுதியாட்டங்களில் ஒன்றிலேனும் எஸ்.ஈ.சி. அணி இடம்பெறவில்லை. 2024இல் இறுதிச்சுற்றுக்கான அணிகளின் எண்ணிக்கை நான்கிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது, எஸ்.ஈ.சி.க்கு வாசல் அகலமானது. 2025 பருவகாலத்தில் பன்னிரண்டு இடங்களில் ஐந்தை அதுவே பெற்றது. ஐவரும் உள்ளே போனார்கள். ஒருவர் கூட இறுதியாட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஆதரவாளர்கள் கூறும் சமாதானங்கள்

தென்பகுதி விளையாட்டு விமர்சகர்கள் இதற்குப் பல பதில்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றை முற்றாகப் புறந்தள்ளிவிடுவது நியாயமாகாது.

மூன்று ஆண்டுகள் என்பது குறுகிய காலம் என்பது முதலாவது வாதம். ஒரே ஆட்டத்தில் வெளியேற்றும் சுற்றுப்போட்டியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 2023 பருவகாலத்தின் அரையிறுதியில் அலபாமா மிச்சிகனிடம் தோற்றது மேலதிக நேரத்தில்தான். 2025 பருவகாலத்தின் அரையிறுதியில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் மயாமியிடம் 31 - 27 என்று தோற்றது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில். பந்து ஒரு சாண் அங்கிங்கு விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதப்பட்டிருக்காது என்று அவர்கள் சொல்லக்கூடும்.

இரண்டாவது வாதம், தங்களது அணிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு களைத்துப்போகின்றன என்பதாகும். இதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், பிக் டென் அணிகள் ஆண்டுதோறும் தங்களுக்குள் ஒன்பது ஆட்டங்களில் மோதிவந்த காலத்தில் எஸ்.ஈ.சி. அணிகள் எட்டு ஆட்டங்களுடன் நிறுத்திக்கொண்டன. 2026 பருவகாலத்திலிருந்து ஒன்பதாக்குவதற்கு 2025 ஆகஸ்டில்தான் அவை தீர்மானித்தன.

மூன்றாவது வாதமே வலுவானது. என்.எப்.எல். அணிகள் 2025ஆம் ஆண்டில் புதிய வீரர்களைத் தெரிவுசெய்தபோது எஸ்.ஈ.சி.யிலிருந்து 79 பேர் எடுக்கப்பட்டார்கள். வேறு எந்தச் சம்மேளனத்திலிருந்தும் அத்தனை பேர் எடுக்கப்படவில்லை. திறமை இன்னமும் தெற்கில்தான் கூடுதலாகக் குவிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வாதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இதுதான்: எஸ்.ஈ.சி. பலவீனமடைந்துவிடவில்லை. அதன் நடுத்தர அணிகள் இன்றும் ஏனைய சம்மேளனங்களின் நடுத்தர அணிகளுக்கு ஈடுகொடுக்கும். பல சமயங்களில் விஞ்சும். ஆனால், பலமாக இருப்பது வேறு, ஆதிக்கம் செலுத்துவது வேறு. எவராலும் எட்டமுடியாத உயரத்தில் ஓர் அணி, சில ஆண்டுகளில் இரண்டு அணிகள் இருந்ததே அந்தச் சம்மேளனத்தின் ஆதிக்கமாக இருந்தது. அந்த உயரம் இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதை அறிவதற்கு அது எப்படி உருவானது என்பதை அறியவேண்டும்.

வாசலை மூடிவைத்திருந்த காலம்

தெற்கின் வெற்றிக்கு அதன் 'பண்பாடே' காரணம் என்று சொல்வது அங்கு வழக்கம். மற்றவர்களை விடவும் தங்களுக்கு இந்த ஆட்டம் கூடுதலான அர்த்தமுடையது என்பதை அந்தச் சம்மேளனம் 2016இலிருந்து தனது விளம்பர வாசகமாகவே வைத்துக்கொண்டது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அமரும் மைதானங்கள் அங்கு பல இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அவை நிரம்பி வழிகின்றன. அந்தப் பற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பற்று மாத்திரம் பட்டங்களை வென்று தருவதில்லை. அதே பற்று 1960களிலும் இருந்தது. அப்போது அங்கே இல்லாமல் இருந்தவர்கள் கறுப்பின வீரர்கள்.

1967ஆம் ஆண்டில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்காக நேற் நோர்திங்டன் களமிறங்கும்வரை எஸ்.ஈ.சி. காற்பந்து ஆட்டம் எதிலும் கறுப்பின வீரர் ஒருவர் விளையாடியதில்லை. தெற்கில் பிறந்த திறமையான கறுப்பின இளைஞர்கள் கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அல்லது வடக்கே புறப்பட்டுப் போனார்கள். பிக் டென் சம்மேளனத்தின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1965இலும் 1966இலும் நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்றாக விளங்கியது. அதன் தூண்களாக விளங்கிய பப்பா ஸ்மித் டெக்சாஸிலிருந்து போனவர். ஜோர்ஜ் வெப்ஸ்டர் தென் கரோலினாவிலிருந்து போனவர். ஜிம்மி ரேய் வட கரோலினாவிலிருந்து போனவர். தெற்கின் வயலில் விளைந்த நெல் வடக்கின் களஞ்சியத்துக்குப் போனது. வாசலை மூடிவைத்திருந்தவர்கள் தெற்கத்தியர்களே. 1966இல் வெள்ளையரை மாத்திரம் கொண்ட அலபாமா அணி ஓர் ஆட்டத்திலேனும் தோற்காதபோதும் தேசியத் தரவரிசையில் மூன்றாவது இடத்துடன் நிற்கவேண்டியிருந்தது.

1970 செப்டெம்பர் 12ஆம் திகதி பேர்மிங்ஹாமில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அலபாமாவை 42 - 21 என்று வென்றது. அன்று கறுப்பின வீரரான சாம் கன்னிங்ஹாம் 135 யார் ஓடினார். அந்த ஒரு மாலைப்பொழுதே அலபாமாவின் மனதை மாற்றியது என்று கதை சொல்வார்கள். அது மிகைப்படுத்தப்பட்ட கதை. அலபாமா ஏற்கெனவே வில்பர் ஜக்சன் என்ற கறுப்பின மாணவரைப் புலமைப்பரிசில் கொடுத்துச் சேர்த்திருந்தது; முதலாம் ஆண்டு மாணவர் என்பதால் அவரால் அன்று விளையாடமுடியவில்லை. ஆனாலும் திசை தெளிவாகவே இருந்தது. சில ஆண்டுகளுக்குள் வாசல் திறந்தது. வடக்கே போய்க்கொண்டிருந்த இளைஞர்கள் வீட்டுக்கு அருகிலேயே விளையாடத் தொடங்கினார்கள். எஸ்.ஈ.சி.யின் பிற்கால மேன்மையின் அத்திவாரம் அங்கேதான் இடப்பட்டது.

திண்ணையில் உட்காரவைக்கப்பட்டவர்கள்

வாசல் திறந்தது, ஆனால் உள்ளே வந்தவர்களுக்கு ஊதியம் இல்லை, வெளியேறும் சுதந்திரமும் இல்லை. கல்விக்கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை உள்ளடக்கிய புலமைப்பரிசிலே ஒரு வீரனுக்கு வழங்கப்பட்டது. அதற்கு மேல் பகிரங்கமாக ஒரு சதமும் பெறமுடியாது. மறைவில் கொடுத்து அகப்பட்ட பல்கலைக்கழகங்கள் தண்டிக்கப்பட்டன. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒரு பருவகாலம் முழுவதும் விளையாடாமல் இருக்கவேண்டும். 2018 ஒக்டோபர் வரை, வேறு பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் தருவது பற்றி அவனுடன் பேசுவதற்கே, அவன் இருக்கும் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவைப்பட்டது. பயிற்றுவிப்பாளரோ எந்நேரமும் வேறிடம் போகலாம்; அவரது ஊதியம் மில்லியன் கணக்கில் உயர்ந்துகொண்டேயிருந்தது.

இத்தகைய ஏற்பாட்டினால் யார் பயனடைவார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஏற்கெனவே பலமானவர்களே. எல்லோரும் கொடுக்கும் ஊதியம் ஒன்றுதான் என்றால், வெற்றிபெறும் இடத்துக்கே இளைஞன் போவான். போனபின் விளையாட வாய்ப்புக் கிடைக்காவிட்டாலும் எளிதில் வெளியேறமாட்டான். அலபாமாவிலும் ஜோர்ஜியாவிலும் ஓரத்து ஆசனங்களில் உட்கார்ந்திருந்தவர்கள், நாட்டின் முக்கால்வாசிப் பல்கலைக்கழகங்களில் முதல் அணியில் ஆடக்கூடியவர்கள்.

இதற்கு 2018 ஜனவரியில் நடந்த இறுதியாட்டத்தை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. அலபாமா பாதி ஆட்டம் முடியும்போது ஜோர்ஜியாவிடம் 13 - 0 என்று பின்தங்கியிருந்தது. பந்தை எறிந்து அணியை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜேலன் ஹேர்ட்ஸைப் பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் வெளியே அழைத்தார். ஓரத்திலிருந்து எழுந்துவந்தவர் முதலாம் ஆண்டு மாணவரான துவா டகோவைலோவா. மேலதிக நேரத்தில் அவர் எறிந்த ஒரு பந்தினால் அலபாமா 26 - 23 என்று பட்டத்தை வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் எஸ்.ஈ.சி. இறுதியாட்டத்தில் டகோவைலோவா காயமடைந்தபோது, ஓரத்தில் இருந்த ஹேர்ட்ஸ் எழுந்துவந்து ஜோர்ஜியாவைத் தோற்கடித்தார். பின்னர் இருவருமே என்.எப்.எல்.லில் முன்னணி வீரர்களானார்கள். அத்தகைய இருவரை ஒரே திண்ணையில் வைத்திருக்க முடிந்ததே அலபாமாவின் உண்மையான பலம். இன்றைய விதிகளின் கீழ் அது ஏறத்தாழ நடவாத காரியம்.

சங்கிலி கழன்ற விதம்

2021ஆம் ஆண்டு இந்த ஏற்பாட்டின் அத்திவாரம் ஆட்டங்கண்டது. முதலில் ஏப்ரல் மாதத்தில், ஒரு தடவை பல்கலைக்கழகம் மாறுபவர் ஒரு பருவகாலம் காத்திருக்கவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. ஜூன் 21ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிரான அல்ஸ்டன் வழக்கில் தீர்ப்பளித்தது. கல்வியுடன் தொடர்புடைய நலன்களுக்கு அந்த அமைப்பு விதித்திருந்த வரம்புகள் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானவை என்று ஒன்பது நீதியரசர்களும் ஏகமனதாகக் கூறினார்கள். நீதியரசர் கவனோ ஒரு படி மேலே சென்று, இத்தகைய வியாபார முறை அமெரிக்காவின் ஏறத்தாழ வேறு எந்தத் தொழில்துறையிலும் சட்டவிரோதமாகவே கருதப்படும் என்று தனியாக எழுதினார். அடுத்த பத்து நாட்களுக்குள், தங்களது பெயரையும் உருவத்தையும் கொண்டு வீரர்கள் பணம் சம்பாதிக்கலாம் என்ற நிலை வந்தது.

2024இலிருந்து படிப்பில் குறையில்லாதவரை எத்தனை தடவையும் மாறலாம் என்றானது. 2025 ஜூன் மாதத்தில் நீதிபதி கிளோடியா வில்கன் அங்கீகரித்த இணக்கத்தீர்வு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிவகுத்தது. 2025 - 26 கல்வியாண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்ச வரம்பு சுமார் 20.5 மில்லியன் டொலர். பழைய வீரர்களுக்கு நட்டஈடாக சுமார் 2.8 பில்லியன் டொலர் வழங்கவும் அந்தத் தீர்வு ஏற்பாடு செய்தது.

விளைவு களத்தில் உடனடியாகத் தெரிந்தது. 2024 பருவகாலத்தின் சாம்பியனான ஒஹாயோ அணியின் தற்காப்பு நட்சத்திரம் கேலப் டவுன்ஸ் முந்திய ஆண்டு அலபாமாவில் விளையாடியவர். இறுதியாட்டத்தில் மூன்று தடவைகள் கோட்டைக் கடந்து புள்ளிகளைக் குவித்த குவின்ஷோன் ஜட்கின்ஸ் மிசிசிப்பியில் விளையாடியவர். 2025 பருவகாலத்தின் மிகச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்று இந்தியானாவைச் சாம்பியனாக்கிய பெர்னாண்டோ மெண்டோசா மயாமியில் வளர்ந்தவர். கலிபோர்னியாவில் விளையாடிவிட்டு இந்தியானாவுக்குப் போனவர். வயல் இன்னமும் தெற்கில்தான் இருக்கிறது. களஞ்சியங்கள் மீண்டும் நாடெங்கும் பரவிவிட்டன. 1960களுக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், அன்று அந்த இளைஞர்கள் விரட்டப்பட்டதால் போனார்கள். இன்று தாங்கள் விரும்பிப் போகிறார்கள்.

ஒருவரின் ஓய்வா, ஒரு முறையின் முடிவா?

நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூறுபவர்களும் உண்டு. எஸ்.ஈ.சி.யின் பதின்மூன்று பட்டங்களில் ஆறு அவர் அலபாமாவுக்கு வென்று கொடுத்தவை. மேலும் இரண்டை ஜோர்ஜியாவுக்கு வென்று கொடுத்த கேர்பி ஸ்மார்ட், சேபனின் கீழ் நீண்டகாலம் பணியாற்றியவர். அதாவது, ஆதிக்கத்தின் பாதிக்கு மேல் ஒரே ஆசானின் பள்ளிக்குச் சொந்தமானது. எனவே இந்த வாதத்தை அலட்சியம் செய்யமுடியாது.

ஆனால், இந்தியானாவின் பயிற்றுவிப்பாளர் கேர்ட் சிக்னெற்றியும் அதே பள்ளியின் மாணவர்தான். 2007இலிருந்து 2010 வரை அலபாமாவில் சேபனின் உதவியாளராக இருந்தவர். 2023 பருவகாலத்தில் மூன்று ஆட்டங்களில் மாத்திரமே வென்ற, பல தசாப்தங்களாகத் தோல்விக்குப் பேர்போன ஓர் அணியைப் பொறுப்பேற்றார். இரண்டாவது ஆண்டிலேயே பதினாறு ஆட்டங்களிலும் வென்றுகாட்டினார். பழைய முறையின் கீழ் இந்தியானா அந்த நிலையை அடைவதற்கு ஒரு தலைமுறை சென்றிருக்கும். அப்போதும் அடைந்திருக்குமா என்பது சந்தேகமே. தான் முன்னர் பயிற்றுவித்த ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தொகுதி வீரர்களைத் தன்னுடன் அழைத்துவரவும், வேறிடங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்தவர்களைத் தேடிப்பிடிக்கவும் புதிய விதிகள் அவருக்கு இடமளித்தன. ஆசானின் வித்தை எஸ்.ஈ.சி.யை விட்டுப் போகவில்லை; அந்த வித்தையை எஸ்.ஈ.சி.க்குள் மாத்திரம் பூட்டிவைக்கும் வேலிதான் போய்விட்டது.

வேலி விழுந்ததைச் சம்மேளனத்துக்குள்ளேயும் காணலாம். 2024 ஒக்டோபர் 5ஆம் திகதி, அப்போது நாட்டின் முதலாம் இடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ற் பல்கலைக்கழகம் 40 - 35 என்று வென்றது. எஸ்.ஈ.சி.யின் நிரந்தரக் கடைக்குட்டியாகக் கருதப்பட்ட அணி அது. 1984க்குப் பின்னர் அலபாமாவை அது வென்றதேயில்லை. அந்த வெற்றியின் நாயகனான டியேகோ பாவியா பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத ஓர் இளைஞர்; ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் தொடங்கி நியூ மெக்சிக்கோ வழியாக வந்தவர். 2025இல் ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் அவர் இரண்டாமிடத்தைப் பெற்றார். ஆக, எஸ்.ஈ.சி.யின் உச்சி தாழ்ந்தபோது அதன் அடிமட்டம் உயர்ந்திருக்கிறது. சம்மேளனம் தோற்றது என்று சொல்வதை விட, அதன் பிரபுக்கள் தோற்றார்கள் என்று சொல்வதே பொருத்தமானது.

காசு புதிதல்ல

இனி என் உறவினரின் மகன் கூறிய குற்றச்சாட்டுக்கு வருவோம். எல்லாம் காசு செய்கின்ற வேலை என்றான். பலரும் அதையே சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் மீதான விசுவாசம் அழிந்துவிட்டது, இளைஞர்கள் கூலிப்படைகளாகிவிட்டார்கள் என்று தென்மாநிலங்களின் அரசியல்வாதிகளும் புலம்புகிறார்கள்.

ஆனால், காசு இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்ததல்ல. 2025 ஒக்டோபரில் எல்.எஸ்.யு. தனது பயிற்றுவிப்பாளர் பிரையன் கெலியைப் பதவிநீக்கியபோது, அவரது ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்துக்காகச் செலுத்தவேண்டியிருந்த தொகை 50 மில்லியன் டொலருக்கும் அதிகம். வேலை செய்யாமல் இருப்பதற்காக ஒருவருக்கு அத்தனை பணம். அவரது இடத்துக்கு, மிசிசிப்பியின் பயிற்றுவிப்பாளர் லேன் கிபின், தனது அணி இறுதிச்சுற்றுக்குத் தகுதிபெறும் தறுவாயில் அதைக் கைவிட்டுவிட்டுப் போனார். விசுவாசம் பற்றிய உபதேசங்கள் எப்போதும் பத்தொன்பது வயது மாணவனுக்கே செய்யப்பட்டன. பெரியவர்களுக்கு ஒருபோதும் செய்யப்படவில்லை.

பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில் இந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. சொற்ப சம்பளத்துக்கு இரவு பகலாக எழுதிய இளம் நிருபர் ஒருவர் கூடுதலான சம்பளத்துக்காக இன்னொரு பத்திரிகைக்கு மாறினால், நன்றிகெட்டவர் என்று ஆசிரியபீடத்தில் சொல்வார்கள். நிர்வாகம் ஒரு நிருபரை ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பினால் அது நிறுவனத்தின் தேவை என்று சொல்வார்கள். விசுவாசம் என்ற சொல் மேலிருந்து கீழ்நோக்கியே பிரயோகிக்கப்படும் இடங்களில் அதன் உண்மையான அர்த்தம் கீழ்ப்படிவு என்பதை அனுபவத்தில் கண்டவன் நான்.

இதனால், புதிய நிலைமை குறைகளற்றது என்று அர்த்தமாகாது. நான்கு ஆண்டுகளில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மாறும் மாணவன் எதைப் படித்துப் பட்டம் பெறுவான் என்ற கேள்வி நியாயமானது. என்.எப்.எல்.லுக்குப் போகாத பெரும்பான்மையினருக்குப் பட்டமே இறுதியில் மிஞ்சும் சொத்து. காற்பந்துக்குப் பணம் தேடுவதற்காக நீச்சலும் மல்யுத்தமும் பெண்கள் விளையாட்டுகளும் நசுக்கப்படுமோ என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல. செல்வந்தப் பழைய மாணவர்களைப் பெருந்தொகையில் கொண்ட வடக்கின் பல்கலைக்கழகங்கள் நாளை ஒரு புதிய பிரபுத்துவத்தை உருவாக்கக்கூடும். 20.5 மில்லியன் என்ற வரம்பும் ஒரு வழக்கின் இணக்கத்தீர்வில் பிறந்ததே தவிர, வீரர்களின் தொழிற்சங்கம் ஒன்று பேரம்பேசிப் பெற்றுக்கொண்டதல்ல. வீரர்களுக்கு ஊதியம் கிடைத்திருக்கிறது. மேசையில் ஆசனம் கிடைக்கவில்லை. ஒப்பந்தம், காப்புறுதி, கல்வி உத்தரவாதம் ஆகியவற்றைக் கூட்டாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும் உரிமை வந்தால் மாத்திரமே இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கிடைக்கும்.

எனவே, தலைப்பிலுள்ள கேள்விக்கு என் பதில் இதுதான். எஸ்.ஈ.சி. நாளையே மீண்டும் ஒரு பட்டத்தை வெல்லலாம். வெல்வதற்குரிய வளமும் மண்ணும் அதற்கு இருக்கின்றன. ஆனால், பதினேழு ஆண்டுகளில் பதின்மூன்று பட்டங்கள் என்ற பழைய ஆதிக்கம் திரும்பிவரப் போவதில்லை. அது திரும்பவேண்டுமானால் வீரனின் கையிலிருந்து இரண்டு உரிமைகளைப் பறிக்கவேண்டும்: தனது உழைப்புக்கு விலை கேட்கும் உரிமையும், இடம் மாறும் உரிமையும். அந்தச் சம்மேளனத்தின் வரலாற்றை நோக்குங்கள். கறுப்பின இளைஞனுக்கு வாசலை மூடியபோது அது பின்தங்கியது. வாசலைத் திறந்து, ஊதியமின்றி உள்ளே வைத்திருந்தபோது உச்சத்தைத் தொட்டது. அவனுக்கு ஊதியமும் வெளியேறும் வழியும் கிடைத்தபோது ஏனையோருக்குச் சமனாக வந்து நிற்கிறது.

இவற்றையெல்லாம் அன்று தொலைபேசியில் விரிவாகச் சொல்ல அவகாசம் இருக்கவில்லை. "தம்பி, காசு முந்தியும் இருந்தது. இப்ப அது விளையாடுறவன்ர கைக்கும் கொஞ்சம் போகுது. அவ்வளவுதான்" என்று மாத்திரம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அது சரிதான் பெரியப்பா. ஆனா முப்பத்தெட்டுக்கு மூண்டு..." என்று இழுத்தான்.

அந்தத் துயரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. தோல்வி தோல்விதான். அடுத்த பருவகாலம் தொடங்கும்போது அவனது பல்கலைக்கழக மைதானம் மீண்டும் நிரம்பி வழியும். அவனும் அதே சிவப்புச் சட்டையை அணிந்துகொண்டு அங்கே போவான். விசுவாசத்தை ரசிகனிடம் எவரும் கேட்டு வாங்குவதில்லை. அவன் தானாகவே கொடுக்கிறான். வீரனிடமிருந்தும் அதை அப்படியே பெற்றுக்கொள்ள இனியாவது பல்கலைக்கழகங்கள் கற்றுக்கொள்ளட்டும்.